ஆட்டுக்கு யாருலே கூலி குடுத்தா?

ஏலே, அந்தப் போனைக் கொஞ்சம் இங்கன காட்டு. கண்ணாடி உள்ள கிடக்கு, ஆனாலும் தெரியுது. ஓஹோ. பச்சைப் பசேல்னு புல்லு. நடுவுல குளம். குளத்துக்குள்ள நீரூத்து. அந்தால அருவி வேற விழுது. கல்யாண மண்டபமாலே? இல்லையா? கோல்ஃப் மைதானமா? சரிதான். பந்து அடிக்க எடத்துல அருவி எதுக்குலே? தோத்தவன் தலைமுழுகிட்டுப் போறதுக்கா?

உலகத்துலயே சிறந்த நூறு மைதானம்னு பட்டியல் போட்டிருக்கானாம், இவன் அதை நெட்டுருப் போட்டு வெச்சிருக்கானாம். நீ அந்தக் கம்பை ஒரு நாளாவது கையில பிடிச்சிருக்கியாலே? இல்ல. ஆனா நூத்துக்கும் பேரு சொல்லுத. பொண்ணு மூஞ்சியப் பாக்காமலே நூறு சாதகத்தை மனப்பாடம் பண்ணின மாப்பிள்ளை கதையால்லா இருக்கு.

சிரிக்காத. ஆடு மேய்ச்ச கிழவனுக்கு கோல்ஃபைப் பத்தி என்ன தெரியும்னுதான நினைக்க? ஆடு மேய்ச்சதாலதாம்லே தெரியும். உக்காரு, சொல்லுதேன்.

என் பேரன் அபர்டீன்ல எண்ணெய்க் கம்பெனியில இருந்தான்லா. கடலுக்குள்ள குழாய் இறக்குத சோலி. உங்க ஆச்சி போன பொறவு, 'தாத்தா, ஆறு மாசம் எங்கூட வந்து இருங்க'ன்னு கூட்டிட்டுப் போனான். பத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சு. அவனுக்கு அங்க இந்தப் பைத்தியம் பிடிச்சிருந்தது. லீவு நாளு வந்தாப் போதும், முதுகுல ஒரு பை. பைக்குள்ள பதினாலு கம்பு. ஒத்தப் பந்தை அடிக்கதுக்கு எதுக்குலே பதினாலு கம்புன்னு கேட்டேன். அதுதான் உச்சவரம்பு தாத்தான்னான். நான் அறுபது ஆட்டை ஒரே கம்பை வெச்சு மேய்ச்சவன். வேற என்னத்தைச் சொல்ல?

முதல்ல கூட்டிட்டுப் போனது குரூடன் பேன்னு ஒரு எடம். அபர்டீனுக்கு வடக்க, கடல் ஓரமா. காரை விட்டு இறங்கிப் பாத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இது நம்ம தேரிக்காடுல்லா! மேடும் பள்ளமுமா மணலு. செவப்புக்குப் பதிலா வெளுத்த மண்ணு. பனைக்குப் பதிலா முரட்டுக் கோரை மாதிரி புல்லு. காத்து மட்டும் நம்ம காத்தை விட ரெண்டு மடங்கு, அதுவும் ஐஸ் பெட்டியைத் திறந்து வெச்ச காத்து.

அந்த மாதிரி நிலத்துக்கு அவுக பேரு 'லிங்க்ஸ்'. கடலுக்கும் வயக்காட்டுக்கும் நடுவுல கிடக்க மணல் பூமி. உழுதா விளையாது. கலப்பை வெச்சாக் காத்துல பறந்துரும். வீடும் கட்ட முடியாது. அப்ப அது யாருக்கு ஆகும்? ஆட்டுக்கும் முயலுக்கும் ஆகும், வெட்டியாச் சுத்துத பயலுகளுக்கு ஆகும். அந்த மூணாவது கூட்டந்தாம்லே கோல்ஃபைக் கண்டுபிடிச்சது. நஞ்சை நிலம் வெச்சிருந்தவன் கண்டுபிடிச்சிருந்தா விளையாட்டா வந்திருக்கும்? வரப்புத் தகராறுல்லா வந்திருக்கும்.

குரூடன் பேயை ரயில்வேக் கம்பெனிக்காரன் 1899-ல தொறந்தான். பக்கத்துலயே அரண்மனை மாதிரி ஒரு ஓட்டலு கட்டினான். பெரிய மனுசங்க வந்து தங்கணும், காசு கொட்டணும்னு கணக்கு. இப்பப் போய்ப் பாரு. ஓட்டலு இல்ல. அந்த ரயிலும் இல்ல. மணல்மேடு இருக்கு, மைதானம் இருக்கு. எதுக்குக் கூடுதலாச் செலவு பண்ணினான்னு நினைக்க?

இப்ப ஒரு கேள்வி கேக்கேன். கோல்ஃப் மைதானத்துல அங்கங்க மணல் ரொம்பின குழி ஒண்ணு இருக்கும். பங்கர்ங்கான். பந்து அதுல விழுந்தா வெளிய எடுக்கதுக்குள்ள வேர்த்துரும். அந்தக் குழியை யாரு வெட்டினா? உன் போன்ல கேளு, பெரிய பெரிய கட்டடக்கலை நிபுணர் பேரெல்லாம் சொல்லும். கோல்ஃப் ஆர்க்கிடெக்ட்னு ஒரு சாதி இருக்கு. கோட்டுப் போட்டுட்டு, கையில வரைபடத்தைச் சுருட்டி வெச்சிட்டு, மேட்டுல நின்னு தூரத்தைப் பாத்தே படம் எடுத்துக்கிடுவாவ.

முதல் குழியை வெட்டினது செம்மறி ஆடும்லே. காத்து அடிக்குதுன்னு மேட்டுக்கு ஒதுக்குப்புறமாப் போயிப் படுக்கும். படுத்த எடத்துல காலால பறிக்கும். புல்லு போயிரும், மணலு பறக்கும். முயல் வந்து வளை தோண்டும். பத்து வருசத்துல ஆள் உயரக் குழி. அப்படித்தான் பரம்பரையாச் சொல்லிட்டு வாராவ. நான் நம்புதேன். ஏன்னா நம்ம தேரியில என் ஆடுக அதைத்தான் செஞ்சுது. ஒரு கிடாக்கூட காத்தைப் பாத்துப் படுத்து நான் பாத்ததில்ல. அதுக்கு யாரு பீசு குடுத்தா? யாரு மாலை போட்டா?

கோல்ஃபுக்குத் திருச்செந்தூருன்னா அது செயின்ட் ஆண்ட்ரூஸ்தான். அங்க பழைய மைதானத்துல 112 பங்கர் இருக்குங்காவ. பந்தைக் கொண்டு போடுத குழி ஒரு சுத்துக்கு ஏன் 18-ன்னு கேளு. முந்தி அங்க ஒரு சுத்துக்கு 22. போகும்போதும் வரும்போதும் ஒரே குழிகளைத்தான் ஆடுவாவ. 1764-ல, நாலு குழி குட்டையா இருக்குன்னு ரெண்டாச் சேத்தாவ. போகையில ரெண்டு குறைஞ்சுது, வரையில ரெண்டு குறைஞ்சுது. மிச்சம் 18. இன்னைக்கு உலகம் பூரா பதினெட்டு, ஏதோ பதினெட்டுப் படி மாதிரி! ஒரு ஊரு சில்லறை சரிபண்ணின கணக்கும்லே அது.

அந்த ஊருக்கும் கஷ்டகாலம் வந்துச்சு. 1797-ல ஊர்ச் சபை கடன்ல முங்கிப் போயி, அந்தப் புறம்போக்கை வேற கைக்கு மாத்திவிட்டுட்டு. அது போயிச் சேந்தது முயல் வளக்கிறவன்கிட்ட. குழிக்கு ஒரு பந்து போயி, குழிக்கு ஒரு முயலுன்னு ஆயிப்போச்சு. இருபது வருசத்துக்கு மேல இழுபறி. 1821-ல கோல்ஃப் ஆடுத ஒரு பண்ணையாரு காசு குடுத்து வாங்கி மீட்டாரு. அவரு பேரு சீப். செஞ்ச காரியம் ஒண்ணும் சீப்பு இல்ல. இன்னைக்கும் பெரிய போட்டி ஏதும் இல்லாத ஞாயித்துக்கிழமையில அங்க ஆட்டம் கிடையாது. ஊர்க்காரன் நாயைப் பிடிச்சிட்டு மைதானத்துக்கு நடுவுல நடப்பான். மத்த நாள்ல, சீசன் சமயத்துல ஒரு சுத்துக்கு முன்னூறு பவுண்டுக்கு மேல, அதுக்கும் சீட்டுக் குலுக்கிப் போடணும்.

போகட்டும். திருச்செந்தூருக்குக் கூட்டம் தானா வரும், நான் கூவ வேண்டாம். நான் சொல்ல வந்தது ஊருக்கு வெளிய, விளக்குக்கு எண்ணெய் ஊத்த ஆளில்லாம நிக்க சுடலைமாடன் கோயில்களைப் பத்தி. சக்தியில குறைஞ்சதா அது? போர்டு வைக்க ஆளில்ல, அவ்வளவுதான்.

பேரன் ஒரு நாளு, 'தாத்தா, டோர்னாக் போறோம்'னான். வடக்க இன்வர்னெஸ் போயி அங்கேருந்து மேல. டோர்னாக் பெரிய பேரு. அங்க பிறந்த டொனால்ட் ராஸ்னு ஒரு பயல் அமெரிக்காவுக்குப் போயி, நூத்துக்கணக்கா மைதானம் போட்டுக் குடுத்தானாம். அது சரி, எல்லாவனும் டோர்னாக் வரைக்கும் வாரான், படம் எடுக்கான், வண்டியைத் திருப்புதான். இன்னும் அரை மணி நேரம் வடக்க போனா புரோரான்னு ஒரு சின்ன ஊரு. ரயில் டேசன்கூட இருக்கு. அங்க போறவன் கம்மி. நாங்க போனோம்.

ஏலே, நான் என்னத்தைச் சொல்ல! மைதானத்துக்குள்ள ஆடு மேயுது! மாடும் மேயுது! குடியானவங்களுக்கு அந்த மேய்ச்சல் பாத்தியதை கோல்ஃபுக்கு முந்தியே உண்டு. நான் போன அன்னைக்குக் கிட்டத்துல மட்டும் நாப்பத்தி மூணு ஆடு. எண்ணினேன், கை சும்மா இருக்காதுல்லா. குழி இருக்க எடத்தைச் சுத்தி, அந்தக் கிரீனைச் சுத்தி, முழங்கால் உயரத்துக்குக் கரண்டுக் கம்பி. ஆடு உள்ள போயி அந்தப் பட்டுப் புல்லை மிதிச்சுரக் கூடாதுன்னு. அடிக்கப்போறவன் காலைத் தூக்கித் தாண்டிப் போகணும். பேரனோட வந்திருந்த ஒரு அய்யா, நம்ம பக்கத்துப் பெரிய இடம்தான், மூஞ்சியைச் சுளிச்சாரு. 'என்ன சார், ஒரே சாணியா இருக்கு.' சாணியில பந்து விழுந்தா எடுத்துத் துடைச்சு வெச்சுக்கிட அங்க விதியே இருக்குன்னான் பேரன். நல்ல விதி. சாணியை அசிங்கம்னு சொல்லாம அதுக்கு ஒரு சட்டம் எழுதி வெச்சிருக்கானே, அவன்லா நாகரிகம் தெரிஞ்சவன்!

அந்த அய்யாவுக்கு மைதானம் பிடிக்கல. குளிக்கிற எடத்துல துண்டு மெதுவா இல்லையாம்.

இந்தப் புரோராவை இப்ப இருக்க மாதிரி வகுத்துக் குடுத்தது ஜேம்ஸ் பிரெய்டு. 1923-ல. இவரு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை அஞ்சு தடவை ஜெயிச்ச மனுசன், அப்படி ஜெயிச்சதுல முதல் ஆளு. ஆனா பாவம், வண்டி கப்பல்னு ஏறினாக் குமட்டல். மஞ்சப்பையைப் பிடிச்சுக்கிட்டு சன்னலோரம் உக்காருத நம்ம சின்னத்தாயி மாதிரி. அதனால கடல் தாண்டிப் பெருசாப் போகல. சொந்த நாட்டுலயே சுத்தி, இருக்க மண்ணையே பாத்துப் பாத்துப் போட்டுக் குடுத்தாரு. குமட்டலும் ஒரு வரம்தாம்லே. ஊர் சுத்த முடியாதவன்தான் எடத்தை உத்துப் பாப்பான்.

அவரு செஞ்ச சூட்சுமம் ஒண்ணு சொல்லுதேன். ஒரே அடியில கிரீனுக்குப் போயிரணும்ங்க குட்டைக் குழி அந்த மைதானத்துல நாலு இருக்கு. நாலும் நாலு திசை பாத்து நிக்கும். ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க, இப்படி. எதுக்கு? காத்து ஒண்ணுதான் அடிக்கும். ஆனா ஒரு குழியில அது உன் முதுகைத் தள்ளும், அடுத்ததுல மூஞ்சியில அறையும், அடுத்ததுல இடப்பக்கம், அடுத்ததுல வலப்பக்கம். பணங்காசு செலவில்லாம ஒரே காத்தை நாலு காத்தா ஆக்கிட்டாரு. நீ காட்டின அருவி எத்தனை வேலை செய்யும்? ஒரே வேலை. சத்தம் போடும்.

உனக்கு இந்த நிலத்தோட ருசி பிடிபடணும்னா கோலியை நினைச்சுக்க. நீ கோலி எங்க ஆடுவ? சாணி போட்டு மெழுகிக் காஞ்ச தரையில. சுண்டினா ஓடும், சின்ன மேட்டுல ஏறும், சரிவுல திரும்பும், சுவத்துல பட்டு வரும். அதையே சேத்துக்குள்ள ஆடிப் பாரு. 'சளக்'குனு விழும், அங்கனயே நிக்கும். மேடாவது, சரிவாவது? லிங்க்ஸ் நிலம் மெழுகின தரை. மழை பெஞ்சாலும் மணலு குடிச்சிரும், காஞ்சு கெட்டியாக் கிடக்கும். பந்து தரையில உருண்டு போகும். அதனால ஒவ்வொரு மேட்டுக்கும் ஒவ்வொரு மடிப்புக்கும் பேச்சு உண்டு. வாரி வாரித் தண்ணி ஊத்திப் பச்சை ஆக்கின மைதானத்துல பந்து ஆகாசத்துலேருந்து விழும், பச்சக்குனு நிக்கும். தரை ஊமை. கோடி கோடியா கொட்டி ஊமைத் தரையை வளக்கான், அதுக்குப் பட்டியல்ல எடமும் வாங்குதான்.

பட்டியல்னு சொன்னேன்லா. அமெரிக்காவுல கோல்ஃப் டைஜெஸ்ட்னு ஒரு பத்திரிகை 1966-ல முதல்முதலா மைதானங்களைப் பட்டியல் போட்டுச்சு. என்னன்னு தலைப்புத் தெரியுமா? 'ரொம்பக் கஷ்டமான 200'. நல்லதுன்னு இல்ல, அழகுன்னு இல்ல. கஷ்டமானது! தோசை கிழிச்சாக் கிழியல, அதனால அதுதான் நல்ல தோசைங்க மாதிரி. பொறவு பேரை மாத்திட்டாவ, கணக்கை மாத்திட்டாவ. ஆனா அந்தப் புத்தி இன்னும் முழுசாப் போகல. நீளமா இருந்தா உசத்தி, அடிக்க முடியலைன்னா உசத்தி, காசு கூடன்னா ரொம்ப உசத்தி.

கோல்ஃப்ல நல்ல குழிக்கு லட்சணம் என்னன்னு பேரன்கிட்டக் கேட்டேன். அவன் இங்கிலீசுல என்னமோ சொன்னான். எனக்கு விளங்கினது இது. நம்ம ஊரு ஓடை இருக்குல்லா? தைரியக்காரன் ஒரே தாவாத் தாவிருவான், சீக்கிரம் வீடு சேருவான். தவறினா நனைஞ்சுருவான். பயந்தவன் பாலம் சுத்தி வருவான், நேரம் ஆகும், வேட்டி நனையாது. ரெண்டு பேருக்கும் வழி உண்டு. உன் தெம்பைப் பாத்து நீயே தேர்ந்துக்க. அவ்வளவுதான் சூத்திரம். ஓடையை ஊரு பூரா வளைச்சு வெட்டி, எவனும் தாவித்தான் ஆகணும்னு வெச்சா அதுக்குப் பேரு மைதானமா? அதுக்குப் பேரு வெள்ளம்.

நார்த் பெர்விக்னு ஒரு ஊரு. எடின்பரோவுக்குக் கிழக்க. அங்க ஒரு குழியில, கிரீனுக்கு முன்னால குறுக்க ஒரு கல்லுச் சுவரு. பந்து சுவத்தைத் தாண்டித்தான் விழணும். எவன்லே சுவரு கட்டினான்னு கேட்டா, சுவரு முந்தியே இருந்துச்சாம். இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டாவ! நம்மாளுன்னா என்ன செஞ்சிருப்பான்? முதல் நாள் ஜேசிபி வந்திருக்கும். ரெண்டாம் நாள் சுவரு போயிருக்கும். மூணாம் நாள் அதே எடத்துல 'வருக வருக'ன்னு ஒரு வளைவு நின்னிருக்கும்.

அதே மைதானத்துல ரெடான்னு ஒரு குட்டைக் குழி உண்டு. கிரீமியா சண்டையில பேரு வாங்கின ஒரு கோட்டையோட பேரு. கிரீன் நேரா இல்லாம சாய்வாப் படுத்திருக்கும், பின்பக்கமாச் சரிஞ்சு போகும், வாசல்ல ஆழமா பங்கர். நேரா அடிச்சவன் ஏமாறுவான். ஓரமா விழ அடிச்சா, தரையே பந்தை வளைச்சுக் கொண்டு சேக்கும். சார்லஸ் பிளேர் மெக்டொனால்டுன்னு ஒரு அமெரிக்காக்காரரு வந்து பாத்தாரு, அளந்தாரு, ஊருக்குப் போயி நியூயார்க் பக்கத்துல தன் மைதானத்துல அதே மாதிரி ஒண்ணு செஞ்சாரு. 1911-ல அதைத் தொறந்தாவ. பொறவு உலகம் பூரா ரெடான். காப்பி அடிச்சான்னு திட்டாத. அந்த மனுசன் பாத்த எடத்தைச் சொல்லித்தான் எடுத்தாரு. நம்ம சினிமாக்காரங்க அளவுக்கு மோசம் இல்ல.

இங்கிலாந்துல ஆஷ்டவுன் காடுன்னு ஒண்ணு. அங்க 1888-ல ஒரு கிளப்பு வந்துச்சு, ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட். அந்தப் பழைய மைதானத்துல ஒரு பங்கர்கூடக் கிடையாது. ஏன்? காட்டுக்காரங்க குழி வெட்ட அனுமதி குடுக்கல. ஓடை, புதரு, மேடு, பள்ளம், இருக்கதை வெச்சு ஆடுங்கன்னுட்டாவ. தாலுகா ஆபீசுல மனு தள்ளுபடி ஆனதால ஒரு நல்ல மைதானம் பிறந்த கதை இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு. குழியே வேணும்னு அடம் பிடிக்காதவனுக்கு நிலமே குழியா நிக்கும். இன்னொரு பக்கம், பெயின்ஸ்விக்னு ஒரு ஊரு. அங்க மலை மேல இரும்புக் காலத்துக் கோட்டைமேடு. அந்த அகழியும் மண்மதிலும்தான் மைதானம். மொத்த நீளம் அஞ்சாயிரம் கஜம்கூட வராது. அளந்து பாக்கவன் 'பொம்மை மைதானம்'னு சிரிச்சிட்டுப் போயிருவான். பொதுநிலம், அதனால நடுவுல புள்ளைக ஓடும், நாய் ஓடும். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்ன எதிரியை மறிக்க ஒருத்தன் மண்ணை வெட்டிப் போட்டான். அது இன்னைக்கும் பந்தை மறிக்குது. எந்த ஆர்க்கிடெக்ட் வேலை இத்தனை நாள் நின்னிருக்கு?

தொலைஞ்சே போன மைதானம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட மாட்டேன். ஸ்காட்லாந்துக்கு மேற்க சவுத் உயிஸ்ட்னு ஒரு தீவு. அங்க ஆஸ்கர்னிஷ்னு ஒரு எடம். 1891-ல ஓல்டு டாம் மாரிஸ்னு ஒரு பெரியவரு போயி மைதானம் குறிச்சுக் குடுத்தாரு. அந்தக் காலத்துல அவருக்குக் கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, வழிச்செலவு தனி. நடப்பாரு, குச்சி நடுவாரு, இங்க கிரீன், அங்க தொடக்கம்னு காட்டுவாரு, கிளம்பிருவாரு. மண்ணைத் தள்ள மிசினா இருந்துச்சு? கண்ணுதான் மிசினு. பொறவு காலம் மாறி, மணல்மேட்டுக் குழியெல்லாம் புல்லு மூடிப் போச்சு. ஊரே மறந்துட்டு. 2005 வாக்குல புல்லுப் பண்டிதம் தெரிஞ்ச ஒருத்தரு போயி, இந்த மடிப்புக்குள்ள பழைய மைதானம் ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சாரு. ஊர்க்காரங்களும் கூட்டாளிகளும் புல்லை வெட்டினாவ. 2008-ல திரும்ப ஆட ஆரம்பிச்சாவ. தோண்டல, கொட்டல, வெட்டினாவ. அவ்வளவுதாம்லே. புல்லை வெட்டினதும் கிரீன் படுத்துக் கிடந்துச்சு, காணாமப் போன பசு மாதிரி.

இதுக்கு எதிர்வீட்டுக் கதையும் உண்டு. லாஸ் வேகாஸ் பாலைவனம். சூதாட்டக் கடைக்காரரு ஒருத்தரு, ஸ்டீவ் வின்னு பேரு. எண்பதுகளோட கடைசியில, டாம் ஃபாசியோங்க ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டு, எனக்கு இங்கன மலையும் ஓடையும் பைன் மரக்காடும் வேணும்னாரு. வந்துச்சு! மரம் ஆயிரக்கணக்குல லாரியில வந்துச்சு. தட்டைப் பாலைவனத்தை வெட்டிப் பள்ளம் ஆக்கி, எடுத்த மண்ணை மேடு ஆக்கி, ஓடை விட்டு, வெளிய இருக்க பாலைவனமே தெரியாம மறைச்சுட்டாவ. வேலை சுத்தம்னுதான் சொல்லுதாவ, நானும் படத்துல பாத்தேன், அழகுதான். ஆனா ஒண்ணு கேக்கேன். பாலைவனத்துல இருக்கோம்னே தெரியக் கூடாதுன்னா, பாலைவனத்துக்கு எதுக்குலே போன?

தீவுக் கிரீன் கதை இதை விட வேடிக்கை. ஃப்ளோரிடாவுல சாக்ராஸ்னு ஒரு மைதானம், 1980-ல தொறந்தது. பீட் டைங்கவரு போட்டாரு. சதுப்பு நிலம், மணலுக்குப் பஞ்சம். ஒரு குழி கிட்ட நல்ல மணலு கிடைச்சுதுன்னு தோண்டித் தோண்டி மத்த எடத்துக்கு அள்ளிட்டாவ. கடைசியில பாத்தா நடுவுல கிரீன் போட எடம், சுத்தி ஒரே பள்ளம். என்னடா செய்யன்னு அவரு தலையைச் சொறிய, அவரு பொண்டாட்டி ஆலிஸ், அவகளும் மைதானம் போடத் தெரிஞ்சவக, பள்ளத்துல தண்ணியை விடுங்க, கிரீன் தீவா நிக்கட்டும்னு சொன்னாகளாம். தோண்டின பள்ளத்துக்கு ஒரு வழி சொல்லிட்டா அம்மா. அது நியாயம். அதைப் பாத்துட்டு, மணலு தட்டுப்பாடே இல்லாத ஊருலயெல்லாம் தீவு வெட்டினான் பாரு, அங்கதான் எனக்குப் பொறுக்கல. மாமியாருக்கு முட்டுவலின்னு ஊன்றுகோல் வாங்கினா, தெருவுல இருக்க எல்லா மருமகளும் ஊன்றுகோல் வாங்கின மாதிரி.

மண்ணை அள்ளினாலே பாவம்னு நான் சொல்லலலே. நல்லாக் கேட்டுக்க. அமெரிக்காவுல டென்னசியில ஸ்வீட்டன்ஸ் கோவ்னு ஒண்ணு. ஆத்தோரத்துத் தட்டைத் தரை, முன்ன இருந்தது சொத்தை மைதானம். ராப் காலின்ஸ், டாட் கிங்னு ரெண்டு பேரு மண்ணை மொத்தமாப் புரட்டிப் போட்டு, 2014-ல தொறந்தாவ. ஒம்போதே குழி. தொறந்தப்ப கிளப்புன்னு பேருக்கு ஒரு மரக் கொட்டகை. கக்கூசுகூட அப்ப அந்தத் தூக்கிட்டுப் போற பெட்டிதான். அருவி இல்ல, ஆர்ச் இல்ல. இருந்த காசை எல்லாம் தரையில போட்டாவ, மேடும் வளைவுமா. கொஞ்ச நாளு ஈ ஓட்டினாவ. பொறவு பெரிய மைதானத்துல ஆடுதவன்லாம் வண்டியைக் கட்டிட்டு வாரான். கல்யாணத்துல பந்தலுக்குக் குறைச்சு, சாப்பாட்டுக்குக் கூட்டினா யாரு கோவிச்சுக்கிடுவா?

ஒம்போது குழின்னதும் உன் மூஞ்சி போற போக்கு! பாதி மைதானம்னு நினைக்க. கேம்பிரிட்ஜ் புள்ளைக ஆடுத எடம் ஒண்ணு உண்டு, வொர்லிங்டன். 1893-ல வந்தது. இன்னைக்கும் ஒம்போதுதான். அதுல அஞ்சாவது குழி குட்டையானது, பங்கரே இல்ல. கிரீன் மட்டும் ஒல்லியா, ஆமை முதுகு மாதிரி, ரெண்டு பக்கமும் சரியும். இடப்பக்கம் விழுந்தவன் வலப்பக்கம் அடிப்பான், வலப்பக்கம் போனவன் இடப்பக்கம் அடிப்பான், பொழுது சாயும். அந்த ஒம்போதையும் 'புனித ஒம்போது'ன்னு பேரு வெச்சுக் கும்பிட்டது பெர்னார்டு டார்வின். குரங்குக் கதை சொன்னாருல்லா, அந்த டார்வினோட பேரன். கோல்ஃபைப் பத்தியே எழுதிப் பேரு வாங்கினவரு. தாத்தா ஆமையையும் குருவியையும் பாத்தாரு, பேரன் புல்லைப் பாத்தாரு. என் பேரன் எண்ணெயைப் பாக்கான். அது அவன் தலையெழுத்து.

நம்ம பக்கமும் இல்லாம இல்ல. கொடைக்கானல்ல 1895-லேருந்து ஒரு கோல்ஃப் கிளப்பு இருக்கு. காலையில பனி விலகினா புல்லுக்கு நடுவுல காட்டுமாடு நிக்கும், கன்னுக்குட்டியோட. நீ அங்க மூணு தடவை போயிருக்க. என்ன பாத்த? தற்கொலைப் பாறையும் சாக்லேட்டுக் கடையும்.

சரி, உனக்கு எப்படிப் பாக்கன்னு தெரியணுமா? கம்பை வீட்டுல வெச்சிட்டுப் போ. மழை பெஞ்ச மறுநாள் போ. தண்ணி தேங்குதா, வடிஞ்சுட்டான்னு பாரு. பதாகையைப் பாக்காத, புல்லு வெட்டுத ஆளைப் பாரு. அவன்கிட்ட, 'அண்ணாச்சி, பந்து பொதுவா எங்க போயி நிக்கும்'னு கேளு. அவன் கையை நீட்டிக் காட்டுத எடத்துல போயி நில்லு. அங்கேருந்து பாத்தா, குழி எதுக்கு அங்க, மேடு எதுக்கு இங்கன்னு விளங்கிரும். அதுக்குப் பட்டியல் வேண்டாம். வாசல்ல குடை பிடிக்க ஆளும் வேண்டாம்.

என்னலே முழிக்க? நீங்க ஒரு தடவையாவது அடிச்சீங்களா தாத்தான்னா? அதானே கேக்க வந்த? அடிச்சேன். புரோராவுலதான். ஜூன் மாசம், ராத்திரி ஒம்போதரை மணி, நம்ம ஊரு சாயங்காலம் அஞ்சு மணி கணக்கா வெளிச்சம். பேரன் ஒரு கம்பைக் கையில குடுத்து, 'ஒண்ணே ஒண்ணு அடிங்க'ன்னான். வேட்டியை மடிச்சுக் கட்டினேன். ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டரு. ஓங்கி ஒரு போடு. பந்து பறக்கல, தரையோடயே ஓடிச்சு. ஒரு மேட்டுல ஏறிச்சு, திரும்பிச்சு, உருண்டு உருண்டு ஒரு பள்ளத்துக்குள்ள இறங்கிட்டு. அந்தப் பெரிய இடத்து அய்யாகூடக் கை தட்டினாரு.

போயிப் பாத்தா, பள்ளத்துல ஒரு தாயாடு படுத்திருக்கு. வயித்தோட ஒட்டி ரெண்டு குட்டி. பந்து அதோட முன்னங்காலுக்குப் பக்கத்துல. பேரன் சூசூன்னு விரட்டப் போனான். நான் கம்பைக் குறுக்க வெச்சு மறிச்சேன். பால் குடிக்குதுலே, இருன்னேன். பின்னால வந்த ரெண்டு வெள்ளைக்காரங்க கிட்ட வந்தாவ. ஒரு கிழவரு, ஒரு சின்ன வயசுப் பொம்பளை. அந்தக் கிழவரு ஆட்டைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, என் வேட்டியப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. பையை இறக்கி வெச்சிட்டு என் பக்கத்துல மேட்டுல உக்காந்துட்டாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அந்த ஊரு இங்கிலீசு தெரியாது. ரெண்டு பேரும் குட்டியைப் பாத்துட்டே இருந்தோம். கொஞ்சம் கழிச்சு அவரு விரலை நீட்டி, மடி ஒரு பக்கம் கொஞ்சம் வீங்கியிருக்கதைக் காட்டினாரு. நான் தலையாட்டினேன். நானும் அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

அது எந்திரிக்க இருபது நிமிசம் ஆச்சு. ரெண்டாவது அடி என்ன ஆச்சுன்னு மட்டும் கேக்காத.